இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை

போன வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சி ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஆல்டோ வரிசையில், அதாவது பெண்களில் தாழ்ந்த குரல் பாடுகிறவர்கள் வரிசையில், மாமி பாடுவதை நிறுத்திவிட்டார். முதல் சிஸ்டத்தை, அதாவது தாளின் முதல் இசை வரியை, சரியாகத்தான் பாடினார். வலது ஓரத்தில் கடைசி பாரை, அதாவது கடைசித் தாளக் கட்டத்தை, முடித்துவிட்டு, கண்ணை இடது பக்கம் கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டார். திரும்ப ஆரம்பித்தோம். திரும்பவும் அதே இடத்தில் நின்றார். மூன்றாவது தடவை அவருக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து நின்றார்கள்.

"மக்களே, அடுத்த வரி எங்க இருக்குன்னு கண்ணுக்குப் பிடிபடல்ல, கேட்டியா" என்றார்.

மாமி எங்கள் சபைப் பாடகர் குழுவில் 40 வருஷமாக ஆல்டோ பாடுகிறவர். ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டு இசைக்குறிப்பு, வாசிப்பார். சுருதி விலகமாட்டார். பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோ எவ்வளவு சத்தமாகப் பாடினாலும் அந்தப் பக்கம் இழுபடாமல் தன் வரியில் நிற்பார். அவர் வரியைத் தவறவிட்டால் குறை தாளில்தான் இருக்க வேண்டும். அந்தத் தாளைத் தயாரித்தது நான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அச்சடித்த தாளின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரே சிஸ்டத்துக்குள், பெண்கள் பாடும் மேல் ஸ்டாஃபுக்கும் ஆண்கள் பாடும் கீழ் ஸ்டாஃபுக்கும் நடுவில் 20 மில்லிமீட்டர். ஒரு சிஸ்டம் முடிந்து அடுத்த சிஸ்டம் தொடங்கும் இடத்தில் 18 மில்லிமீட்டர். அவ்வளவுதான் விஷயம். சேர்ந்து நிற்க வேண்டியவை தள்ளி நின்றன. தள்ளி நிற்க வேண்டியவை கொஞ்சம் நெருங்கி நின்றன.

நான்கு குரல் பாட்டு வாசித்துப் பழகாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஐந்து கோடு சேர்ந்தது ஒரு ஸ்டாஃப். எங்கள் பாட்டுத் தாளில் மேல் ஸ்டாஃபில் சோப்ரானோவும் ஆல்டோவும் இருக்கும், கீழ் ஸ்டாஃபில் ஆண்களின் உயர்ந்த குரலான டெனரும் தாழ்ந்த குரலான பேஸும் இருக்கும். சோப்ரானோ நோட்டுகளின் காம்பு மேலே நிற்கும், ஆல்டோவின் காம்பு கீழே தொங்கும். கீழ் ஸ்டாஃபில் டெனருக்கும் பேஸுக்கும் அதே முறை. இரண்டு ஸ்டாஃபுக்கும் நடுவில் பாட்டின் வார்த்தைகள். ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டிய இந்த இரண்டு ஸ்டாஃபும் சேர்ந்தால் ஒரு சிஸ்டம். பாடுகிறவர் ஒரு சிஸ்டத்தை இடமிருந்து வலமாகப் பாடி முடித்ததும், நடுவில் உள்ள ஒரு ஸ்டாஃபைத் தாண்டி, அடுத்த சிஸ்டத்தில் தன் ஸ்டாஃபுக்குப் போக வேண்டும். போவதற்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் யாரும் கோடு எண்ணிக்கொண்டிருக்க முடியாது. எது எதோடு சேர்ந்தது என்பதைக் கண் தானாகப் பிடிக்க வேண்டும். அதற்குக் கண் நம்பியிருப்பது வெள்ளையைத்தான். நெருங்கியிருப்பதை ஒரு வீடாகவும் தள்ளியிருப்பதை அடுத்த வீடாகவும் அது எடுத்துக்கொள்ளும்.

என் தாளில் முதல் சிஸ்டத்தின் கீழ் ஸ்டாஃபும் இரண்டாவது சிஸ்டத்தின் மேல் ஸ்டாஃபும் ஒரு ஜோடி போலத் தெரிந்தன. மாமியின் கண் அந்தப் பொய் ஜோடியின் மேல் ஸ்டாஃபில் போய் இறங்கியது. அது டெனரும் பேஸும் பாடுகிற ஸ்டாஃப். கீழே வார்த்தை இல்லை. அதனால் நின்றார். இடது ஓரத்தில் சதுர அடைப்பு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் பியானோ தாளில் பார் கோடு இரண்டு ஸ்டாஃபையும் தைத்துக்கொண்டு இறங்குவது போல, பாட்டுத் தாளில் இறங்காது. இறங்கினால் நடுவில் இருக்கும் வார்த்தைகளை வெட்டும். ஆகவே ஓரத்து அடைப்பு ஒன்றுதான் அடையாளம், அதையும் கண் வலது கோடியிலிருந்து ஓடிவந்து பார்க்க வேண்டும்.

நடுவில் 20 மில்லிமீட்டர் எப்படி வந்தது என்பதற்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது களியக்காவிளைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். ரப்பர் தோட்டம், மரச்சீனி விளை, நடுவே பள்ளிக்கூடம், கோயில். பஸ்ஸில் ஏறிக் கால் மணி நேரம் போனால் பாறசாலை, கேரளா. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைக் கோடு விழும் வரை இரண்டு பக்கமும் ஒரே மாநிலம்தான். 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷனரி சங்கத்தார் தொடங்கிய சபைகள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கிறது. எங்கள் குழுவிலேயே நான்கு பேர் மலையாளம் மீடியத்தில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். போன வருஷம் அந்தப் பக்கத்துச் சபை ஒன்றும் நாங்களும் சேர்ந்து ஒரே கேரல் ஆராதனை நடத்துவது என்று முடிவானது. ஒரு பாட்டை இரண்டு மொழியிலும் பாட வேண்டும். முதல் தடவை தமிழ், திரும்பும்போது மலையாளம், கடைசியில் அவரவர் மொழியில் எல்லோரும் சேர்ந்து.

ஆக, நோட்டுகளுக்குக் கீழே இரண்டு வரி வார்த்தை. மேலே தமிழ், கீழே மலையாளம்.

மொழிக்கு ஒரு தாள் அடித்துவிட்டால் என்ன என்று குழுவை நடத்தும் மாஸ்டர் கேட்டார். சுலபமான வழிதான். எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைசிச் சரணத்தில் எங்கள் பேஸும் அவர்கள் பேஸும் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் நிற்கப் போகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் எந்த எழுத்தில் எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்த்துக்கொள்ள இரண்டு வரியும் ஒரே தாளில் இருக்க வேண்டும். அதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். இப்போதும் அது சரி என்றுதான் நினைக்கிறேன்.

நான் பயன்படுத்துவது மியூஸ்கோர் என்ற, இசைத்தாள் தயாரிக்கும் மென்பொருள். இலவசமாகக் கிடைக்கிறது, தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டுகிறது, குழுவில் யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கலாம். அதில் எல்லா அளவுக்கும் அடிப்படை, ஒரு ஸ்டாஃபின் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதை 'ஸ்பேஸ்' என்கிறார்கள். பேஜ் செட்டிங்ஸில் அது 1.75 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தேன். ஐந்து கோட்டுக்கு நான்கு இடைவெளி, ஆக ஒரு ஸ்டாஃபின் உயரம் 7 மில்லிமீட்டர். நோட்டின் தலை, காம்பின் நீளம், ஸ்டாஃபுக்கு ஸ்டாஃப் தூரம் எல்லாம் இந்த ஸ்பேஸின் மடங்காகவே கணக்கிடப்படும். தாளின் ஓர மார்ஜின் மட்டும் மில்லிமீட்டரில் தனியாக நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற எண்களை மாற்றப் போனால் ஒன்றை இழுக்க இன்னொன்று அவிழும். இடம் போதவில்லை என்றதும் பலர் முதலில் கைவைப்பது இந்த 1.75-இல்தான். 1.5 ஆக்கினால் ஸ்டாஃப் 6 மில்லிமீட்டராகச் சுருங்கும், வார்த்தையும் கூடவே சுருங்கும், ஒரு பக்கத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு அது அழகாகவும் தெரியும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையை நீட்டித் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அறுபது வயதுக்காரருக்கு அது எறும்பு வரிசை. நான் அதைத் தொடவில்லை.

ஸ்டைல் பகுதியில் ஸ்டாஃப் தூரம் என்று ஓர் எண் இருக்கிறது. என் கோப்பில் 6.5 ஸ்பேஸ், அதாவது சுமார் 11 மில்லிமீட்டர். ஆனால் அது குறைந்தபட்ச அளவுதான். நடுவில் வார்த்தை வந்தால், எதுவும் எதன் மேலும் ஏறிவிடாதபடி மென்பொருள் தானாகவே கீழ் ஸ்டாஃபைத் தள்ளிவிடும். மேலிருந்து ஆல்டோவின் காம்புகள் தொங்குகின்றன. கீழிருந்து டெனரின் காம்புகள் நிமிர்கின்றன. இரண்டுக்கும் நடுவில் தமிழ் ஒரு வரி, மலையாளம் ஒரு வரி. தமிழில் 'கீ'யின் சுழி மேலே போகும், 'மூ'வின் வால் கீழே வரும். எல்லாவற்றுக்கும் இடம் விட்டு 20 மில்லிமீட்டரில் வந்து நின்றது. அது மென்பொருளின் தவறே இல்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. உள்ளே இருக்கும் தூரத்தை வார்த்தைகள் தீர்மானித்தன. வெளியே இருக்கும் தூரத்தை நான்தான் தீர்மானித்தேன், அதுவும் பக்கக் கணக்குப் பார்த்து.

பாட்டு 60 பார். வரிக்கு 4 பார் வைத்தால் 15 சிஸ்டம். பக்கத்துக்கு 5 சிஸ்டம் வைத்தால் சரியாக 3 பக்கம். மூன்று என்ற எண்ணில் நான் ஏன் நின்றேன் என்றால், கீபோர்டு வாசிக்கும் தங்கச்சிக்காக. மூன்று ஏ4 தாளைப் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டினால் 63 சென்டிமீட்டர், ஸ்டாண்டில் நிற்கும், பக்கம் புரட்ட வேண்டாம். நான்கு தாள் ஒட்டினால் 84 சென்டிமீட்டர், இரண்டு ஓரமும் மடிந்து தொங்கும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஒருவருடைய வசதிக்காக ஐம்பது பேருடைய தாளை நெருக்கிவிட்டேன்.

கணக்கு இப்படிப் போகும். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். மேலும் கீழும் 15 மில்லிமீட்டர் மார்ஜின் போனால் 267. முதல் பக்கத்தில் தலைப்புக்கு ஒரு 25 போனால் 242. ஒரு சிஸ்டத்தின் உயரம் 7, 20, 7, ஆக 34. ஐந்து சிஸ்டம் 170. மிச்சம் இருக்கும் 72-ஐ நான்கு இடைவெளிக்குப் பங்கிட்டால் தலா 18. மாமி நின்றுபோன அந்த 18 இதுதான். எந்த மர்மமும் இல்லை, கடைக்கணக்குப் போடுவது போலப் போட்டிருந்தால் அச்சடிக்கும் முன்பே தெரிந்திருக்கும். நான் போடவில்லை. பக்கத்தை நிரப்பும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிட்டு, மேலிருந்து கீழ் வரை சீராக நிரம்பியிருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். சிஸ்டங்களைத் தானாக விரித்துப் பக்கத்தின் அடி வரை கொண்டுபோகும் வசதி அதில் இருக்கிறது. அது இருக்கிற இடத்தைத்தான் பங்கிடும், இல்லாத இடத்தை உண்டாக்காது.

பக்கத்துக்கு 4 சிஸ்டம் என்று மாற்றினேன். நான்கு சிஸ்டம் 136. சிஸ்டத்துக்குச் சிஸ்டம் 30 மில்லிமீட்டர் என்றால் மூன்று இடைவெளிக்கு 90. மொத்தம் 226, முதல் பக்கத்தில்கூடத் தாராளமாக அடங்கும். உள்ளே 20, வெளியே 30. ஒன்றுக்கு ஒன்றரை. என் அனுபவத்தில் இதற்குக் கீழே இறங்கக் கூடாது. 20-க்கு 22 என்று வைத்தால் கணக்குப்படி சரி, கண்ணுக்குச் சமமாகவே தெரியும். வித்தியாசம் இருக்கிறதா என்று தேட வைக்கிற வித்தியாசம் பாடுகிறவருக்கு உதவாது.

இன்னொன்றும் சேர்த்தேன். ஸ்டைலில் சிஸ்டம் பகுதியில் 'டிவைடர்' என்று ஒன்று உண்டு. அதை இடது பக்கம் இயக்கினால் ஒவ்வொரு இரண்டு சிஸ்டத்துக்கும் நடுவில் தடித்த இரண்டு சாய்கோடு விழும். பெரிய ஆர்கெஸ்ட்ரா தாள்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஸ்டாஃப் மட்டுமே உள்ள பாட்டுக்கு இது அதிகம் என்று சொல்வார்கள். பாடுகிறவர் கண் வந்து இறங்கும் ஓரத்தில், 'இங்கே ஒரு வீடு முடிந்தது' என்று சொல்லும் அடையாளம் இருந்தால் நல்லது என்று நான் வைத்தேன். சில இடங்களில் மட்டும் ஒரு சிஸ்டத்தைத் தள்ள வேண்டியிருந்தால், பேலட்டில் லேஅவுட் பகுதியில் இருக்கும் ஸ்பேசரை, அதாவது இடைவெளியைக் கூட்டும் குறியை, இழுத்து அந்த பாரில் போடலாம். ஆனால் முதலில் ஸ்டைல் எண்களைச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் ஸ்பேசர். முதலிலேயே ஸ்பேசரை வாரி இறைத்தால், பின்னால் ஒரு சரணம் கூட்டும்போது எல்லாம் கலைந்து, எது எதற்காக வைத்தோம் என்றே நினைவிருக்காது.

இது உயரவாக்குக் கதை. அகலவாக்கில் இருந்த சிக்கல்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. தமிழில் பாட்டுத் தாள் செய்கிற எல்லோருக்கும் அது வரும்.

'மேய்ப்பர்கள்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ப்-பர்-கள். மூன்று நோட்டு. முதல் நோட்டு எங்கள் பாட்டில் ஒரு குவேவர், அதாவது அரைத் தட்டு. அதன் கீழே ஏகார இரட்டைக்கொம்பு, ம, ய், ப் எல்லாம் வந்து நிற்க வேண்டும். 11 பாயிண்ட் எழுத்தில் அது ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். அடுத்த நோட்டின் கீழே 'ஓ' என்று ஒற்றை எழுத்து வந்தாலோ, அது அரை சென்டிமீட்டர்கூட வராது. நோட்டுகளின் இடைவெளி என்பது வெறும் இடைவெளி இல்லை. நீளமான நோட்டுக்குப் பின்னால் அதிக வெள்ளை, குறுகிய நோட்டுக்குப் பின்னால் குறைந்த வெள்ளை. இரட்டிப்பு நீளத்துக்கு இரட்டிப்பு இடம் கொடுப்பதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார்கள், ஆனாலும் கண் அதிலிருந்து தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. வார்த்தை அகலமாகி நோட்டை நெட்டித் தள்ளிவிட்டால், குவேவர் ஒன்று கிராட்செட் போல, அதாவது ஒரு முழுத் தட்டு போல, நீண்டு தெரியும். பாடுகிறவரும் அறியாமலே அங்கே கொஞ்சம் இழுத்துவிடுவார். பயிற்சியில் 'இழுக்காதீங்க, இழுக்காதீங்க' என்று மாஸ்டர் கத்திக்கொண்டிருந்த இரண்டு இடமும், பின்னால் பார்த்தால், என் தாளில் வார்த்தை நோட்டைத் தள்ளிய இடங்கள்.

ஒரு யோசனை வந்தது. 'மேய்' என்பதை மட்டும் முதல் நோட்டில் வைத்து, 'ப்'பை அடுத்ததோடு சேர்த்து 'மேய்-ப்பர்' என்று உடைத்தால் என்ன? இடம் சமமாகும். பாடும்போதும் உயிரைத்தானே நீட்டுகிறோம், ஒற்றைக் கடைசியில்தானே மூடுகிறோம். தட்டச்சு செய்தும் பார்த்தேன். தாளில் 'ப்பர்' என்று ஒரு துண்டு நின்றது. தமிழில் எந்த வார்த்தையும் ஒற்றில் தொடங்காது. அப்படி ஒரு துண்டைப் பார்த்ததும் கண் ஒரு கணம் திகைக்கிறது, நாக்கும் கூடவே திகைக்கிறது. அழித்துவிட்டு மேய்ப்-பர் என்றே வைத்தேன். வார்த்தைக்காக இசைத்தாள் விட்டுக்கொடுக்கட்டும். வார்த்தை தன் அசையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மாறாக வேறு இடத்தில் இடம் தேடினேன். சோப்ரானோ, ஆல்டோ என்று ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் முன்னால் நின்ற பெயர்களை எடுத்தேன், யார் எந்த வரி என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பெயர் நின்ற இடம் பார்களுக்குக் கிடைத்தது. முழுக்க நெருங்கிய இரண்டு சிஸ்டங்களில் 4 பாருக்குப் பதில் 3 பார் வைத்து, மிச்சத்தைக் காற்றோட்டமாக இருந்த வரிகளுக்குத் தள்ளினேன். ஆனால் எங்கே வரி உடைய வேண்டும் என்பதில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டின் அடி முடிகிற இடத்தில்தான் சிஸ்டம் முடிய வேண்டும். பாரைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் அங்கே வரி உடையும், சுலபம். வார்த்தை பாதியில் நிற்க, கண் வலது கோடியிலிருந்து இடது கோடிக்குப் பறந்து, மீதி வார்த்தையைத் தேடுவது போலப் பாடகருக்கு இம்சை வேறில்லை. அடி முடியும் இடத்தில் மூச்சு இருக்கிறது. அந்த மூச்சில்தான் கண் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

மலையாளத்தின் அகலம் வேறு மாதிரி. அங்கே கூட்டெழுத்து இருக்கிறது. இரண்டு மெய் சேர்ந்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒரே எழுத்தாகிவிடும். நாம் புள்ளி வைத்து அகலமாக வரிசைகட்டி நிறுத்துவதை அவர்கள் அடுக்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் அகலம் குறைவு, ஆழம் அதிகம். அசை பிரிக்கும்போது 'இடயன்மார்' என்ற வார்த்தையில் கூட்டெழுத்தை எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாறசாலைப் பக்கத்துக் குழுவில் மலையாளம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு போனில் கேட்டேன்.

"கூட்டெழுத்தை உடைக்காதீங்க சார். அப்படியே அடுத்த நோட்டுக்குக் கொடுத்திருங்க. எங்களுக்கு அப்படி வாசிச்சுதான் பழக்கம்" என்றார்.

ஆக, ஒரே நோட்டின் கீழே தமிழ் தன் ஒற்றை முன்னால் பிடித்துக்கொள்கிறது, மலையாளம் தன் மெய்யைப் பின்னால் தள்ளிவிடுகிறது. ஒரே இசைக்குக் கீழே இரண்டு மொழியும் தங்கள் தங்கள் வழக்கப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பயிற்சியில் இது ஒரு தொந்தரவும் செய்யவில்லை.

தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். 'அப்பா' என்று அடிக்கும்போது ப இரண்டு தடவை தட்டினால் முதல் ப-வுக்குப் புள்ளி தானாக விழும். லிரிக்ஸில் அசை பிரிக்க நடுவில் ஹைஃபன் தட்டுகிறோமே, அப்போது விழாது. புள்ளியை நாமே f விசையில் வைக்க வேண்டும். நான் முதல் பதிப்பில் ஏழெட்டு இடத்தில் இதைக் கவனிக்காமல் 'மேய்ப' என்று விட்டிருந்தேன். இன்னொன்று, மியூஸ்கோரில் லிரிக்ஸின் ஒற்றைப்படை வரிகளுக்கும் இரட்டைப்படை வரிகளுக்கும் எழுத்துரு தனித்தனியாக வைக்கலாம். முதல் வரி தமிழ், இரண்டாவது மலையாளம் என்றால் இதைவிட வசதி வேண்டாம். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மலையாளத்துக்கு மஞ்சரி வைத்தேன். இரண்டையும் ஒரே பாயிண்டில் வைத்தால் ஒரே உயரமாகத் தெரியாது, தாளில் அச்சடித்துப் பார்த்துத்தான் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

நோட்டையும் வார்த்தையையும் ஒன்றின் கீழ் ஒன்று சரியாக நிறுத்துவது அச்சுத் தொழிலுக்கே பழைய தலைவலி. 1501-இல் வெனிஸ் நகரத்தில் பெத்ருச்சி என்பவர் பல குரல் இசையை நகரும் எழுத்துகளால் முதன்முதலில் அச்சடித்தபோது, ஒரே தாளை அச்சுக்குள் மூன்று தடவை செலுத்தினார் என்று படித்திருக்கிறேன். கோடுகளுக்கு ஒரு தடவை, நோட்டுகளுக்கு ஒரு தடவை, எழுத்துக்கு ஒரு தடவை. ஈரத் தாள் ஒரு நூல் நகர்ந்தால் போதும், எல்லாம் வீண். 1578-இல் இங்கிருந்து வடக்கே, திருவனந்தபுரம் தாண்டி இருக்கும் கொல்லத்தில், தமிழ் எழுத்தில் 16 பக்கத்தில் ஒரு ஜெபப் புத்தகம் அச்சானது. அதை அச்சடித்தவர்களும் நம் எழுத்தின் அகலத்தோடு மல்லுக்கட்டியிருப்பார்கள். அந்தக் கொல்லம் பக்கத்திலிருந்து வந்து எங்கள் குழுவில் பாடும் ஒருவருக்கு இதைச் சொன்னேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, 4 பக்கமாகிவிட்டது. பாடுகிறவர்களுக்கு அது நல்லதாகவே முடிந்தது. ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம். பக்கம் 1 வெளியே, 2-உம் 3-உம் உள்ளே எதிரெதிரே, 4 பின்னால். திறக்க ஒரு தடவை, திருப்ப ஒரு தடவை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கீபோர்டு மட்டும் வாசிக்கும் 4 பார் வருகிறது. முதல் பக்கம் அதில் முடியும்படி பக்கத்தை உடைத்தேன். ஐம்பது பேரும் அந்த நேரத்தில் சாவகாசமாகத் திறந்துகொள்ளலாம், தாள் சரசரப்பும் பாட்டின் மேல் விழாது.

கீபோர்டு தங்கச்சிக்கு அதே தாளைக் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? இது எனக்குத் தோன்ற இவ்வளவு நாள் ஆயிற்று. கோப்பை வேறு பெயரில் சேமித்து, மலையாள வரியை எடுத்தேன். பாடகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க அவளுக்குத் தமிழ் வரி போதும். நடுவில் 20 இருந்தது 14 ஆனது. சிஸ்டம் 28. ஐந்து சிஸ்டம் 140. மிச்சம் 102-ஐ நான்காகப் பங்கிட்டால் இடைவெளி 25.5. உள்ளே 14, வெளியே 25.5, மூன்றே பக்கம், டேப் போட்டு ஒட்டினால் ஸ்டாண்டில் நிற்கும். ஒரே பாட்டுக்கு இரண்டு தாள் செய்வதில் ஒரே ஒரு ஜாக்கிரதை வேண்டும். பார் எண்கள் இரண்டிலும் தெரிய வேண்டும். "33-ஆம் பாரிலிருந்து" என்று மாஸ்டர் சொன்னால் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போக வேண்டுமே. பிற்பாடு ஒரு நோட்டைத் திருத்தினால் இரண்டு கோப்பிலும் திருத்த வேண்டும் என்பதும் உண்மைதான், அதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தேன்.

அச்சடிக்கப் போன இடத்தில் ஒரு தடங்கல். பிடிஎஃப்-ஆகத்தான் கொண்டுபோனேன். அப்படிக் கொண்டுபோனால் எழுத்துருவும் கூடவே போகும், கடைக்காரர் கம்ப்யூட்டரில் தமிழ் இருக்கிறதா மலையாளம் இருக்கிறதா என்ற கவலை இல்லை. ஆனால் பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட்' என்று இருந்ததைக் கவனிக்காமல் பத்துப் பிரதி ஓடிவிட்டது. எல்லாம் கொஞ்சம் சுருங்கி, நாலு பக்கமும் அகலமான வெள்ளை ஓரத்தோடு வந்தது. ஸ்டாஃபை அளந்தால் 7 இல்லை. 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றச் சொல்லி மறுபடி அடித்தோம். முதல் பிரதி வந்ததும் ஸ்டாஃபின் மேல் ஸ்கேல் வைத்து 7 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதியை ஓடவிடுங்கள் என்று இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்வேன்.

அடுத்த ஞாயிறு புதிய தாளைக் கொடுத்தேன். மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாடுவதற்கு முன்னால் விரலை மட்டும் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்தார். வலது கோடி, இடது கோடி, வலது கோடி, இடது கோடி. நான்காவது சிஸ்டம் முடிந்ததும் தலையை ஆட்டினார். பாடும்போது எங்கேயும் நிற்கவில்லை. மாஸ்டரும் 'இழுக்காதீங்க' என்று ஒரு தடவைதான் சொன்னார்.

கேரல் ராத்திரி இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து நின்றார்கள். விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றியபோது என் வயிற்றில் லேசாகக் கலக்கம், இந்த வெளிச்சத்தில் 11 பாயிண்ட் எழுத்து தெரியுமா என்று. தெரிந்தது. கடைசிச் சரணத்தில் எனக்கு வலது பக்கம் நின்ற பாறசாலைக்காரர் மலையாளத்தில் பாடினார், நான் தமிழில். இருவரும் ஒரே தாளைப் பிடித்திருந்தோம்.

ஜனவரியில் அந்த ஸ்டைலைத் தனிக் கோப்பாகச் சேமித்து டீச்சருக்கு அனுப்பினேன். அடுத்த பாட்டுக்கு அவர் அதை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம், எல்லா எண்ணும் கூடவே வந்துவிடும். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு மாற்றத்தோடு திருப்பி அனுப்பினார். லிரிக்ஸின் வரி உயரத்தைப் பத்து சதவீதம் கூட்டியிருந்தார். 1971-இல் லிபியை எளிமைப்படுத்துவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போன பெரியவர்கள் அங்கே பலர் இருக்கிறார்களாம். பழைய முறையில் எழுத்து கீழே அடுக்கிக்கொண்டு போவது அவர்களுக்குப் பிடிக்கும், அந்த அடுக்கின் அடி டெனரின் காம்பை உரசுகிறது என்று எழுதியிருந்தார். எடுத்து அச்சடித்துப் பார்த்தேன். உரசத்தான் செய்தது, நான் கவனித்திருக்கவில்லை. அவருடைய எண்ணை வைத்தால் உள்ளே 20 என்பது 21-ஐத் தொடுகிறது. வெளியே 30 என்பதை 32 ஆக்கினேன். பக்கத்துக்கு நான்கு சிஸ்டம் இப்போதும் அடங்குகிறது. பெரிய வெள்ளிக்கான பாட்டை இதில்தான் செய்துகொண்டிருக்கிறேன்.